குடை, ஒரு தரம்

அறுப்பின் பண்டிகைக்கு மட்டும்தான்
சபைக்கு என் தொண்டை வேண்டும்.
பாட்டுக்குழுவில் சேர்க்காத தொண்டை.
ஏத்தன்குலை, மரச்சீனி, கால் கட்டிய கோழி,
புகைவாசம் மாறாத ரப்பர் ஷீட் இரண்டு
என்று தலைக்கு மேல் தூக்கிக் காட்டி
ஒரு தரம், ரெண்டு தரம் கூவி
பதினேழு வருஷமாய்
கர்த்தருக்கு வசூல் பார்க்கிறேன்.

ஜூன் மாதத்தில் கூவச் சொன்னவர்
ஹென்றி தவமணி பாஸ்டர்.
"பொன்னாடை போடாதீங்க வேய்.
என் சாமானை வித்து
ஞாயிறுபள்ளி கக்கூசுக்குக் கதவு போடுங்க."

பொன்னாடை பதினொன்று விழுந்தது.
மாவட்டக் கண்காணிப்பாளர் நாற்பது நிமிஷம் பேசி
தவமணியை இரண்டு முறை தங்கமணி ஆக்கினார்.
பெண்கள் சங்கம் பிரதமன் கிண்டிய மணத்தில்
கடைசி ஜெபத்துக்கு எவனும் கண்ணை மூடவில்லை.

குலசேகரத்துக்கு மேற்கே எங்கள் சபை,
அறுபத்திரண்டு குடும்பம்.
பாதிப்பேர் விடியுமுன்னே
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டுகிறவர்கள்.
எட்டரை மணி ஆராதனையைப் பத்துக்கு மாற்றியவர் இவர்:
"பால் எடுத்துட்டு வாங்க,
ஆண்டவர் எங்கேயும் போகமாட்டார்."
அப்போதும் எதிர்த்துக் கை தூக்கியவர்
மில்டன் ஒருவர்தான்.

பேச்சு நின்றது அதனால் அல்ல.
ஆறு வருஷத்துக்கு முந்தின பெருமழையில்
முகவரி இல்லாத ஒரு கூலியாள்
ஷீட் அடிக்கும் கொட்டகையில் செத்துக் கிடந்தான்.
கல்லறைத் தோட்டத்தில் எங்கே தோண்டினாலும்
தண்ணீர், இல்லையென்றால் பாறை.
மண் இருந்தது ஒரே இடத்தில்:
சுசீலாவுக்குப் பக்கத்தில்,
மில்டன் தனக்கென்று போட்டு வைத்திருந்த ஆறடி.
பாஸ்டர் கேட்கவில்லை.
கேட்டால் தரமாட்டார் என்று தெரியும்.
கேட்டிருக்கலாம் என்றுதான்
நான் இன்றைக்கும் சொல்வேன்.

அதற்குப் பிறகு மில்டன்
கடைசி பெஞ்சு, பெயர் எழுதாத காணிக்கைக் கவர்,
திருவிருந்துக்கு முன்னால் எழுந்து போய்விடும் செருப்புச் சத்தம்.

சரி, ஏலம்.
மூடி தொலைந்த குக்கர் நூற்றிருபது.
மொபெட்டை எட்வின் ஜாய் எடுத்தான்,
தள்ளிக்கொண்டுதான் போனான்.
வியாக்கியானப் புத்தகங்களை
யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
கடைசியாகக் குடை.
ஒரு கம்பி ஒடிந்து நைலான் நூலால் கட்டிய கறுப்புக் குடை,
இந்த ஊர் மையங்கள் எல்லாவற்றுக்கும் நனைந்தது,
அந்தக் கூலியாளுக்கும்.

முப்பது, என்றான் ஒருத்தன் விளையாட்டாக.
நாற்பது.
"ஆயிரம்."
பந்தலின் கடைசிப் பிளாஸ்டிக் நாற்காலி.
ஆறு வருஷத்துக்குப் பிறகு
சபைக்குள் அந்தக் குரல்.
நீட்டி முழக்கிக் கூவுகிறவன்
மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.
அவர் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

மழை அப்போதுதான் பிடித்தது.
ஜீப் கீழே ரோட்டில் நிற்கிறது, முப்பத்திரண்டு படி.
போகிற ஊர் வள்ளியூருக்கு அப்பால்,
குடைக்கு வேலையே இல்லாத காடு.
பாஸ்டர் பொன்னாடைகளைக் கக்கத்தில் இடுக்கி
வாசற்படியில் நின்றார்.
மில்டன் குடையை விரித்தார்.
நூல் கட்டிய கம்பி ஒரு பக்கம் தொங்க
இரண்டு பேரும் இறங்கினார்கள்,
ஆளுக்கு ஒரு தோள் நனைய.

பேசினார்கள் என்கிறாள் ரோசிலின்.
உதடே அசையவில்லை என்கிறான் அவள் புருஷன்.
தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில்
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

போன வியாழன் அயனிவிளையில் ஒரு அடக்கம்.
புதுப் பாஸ்டர் ஒட்டகம்போல் உயரம்.
பின்னால் நின்று,
கை நடுங்க நடுங்க மேலே தூக்கி,
அதே குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார் மில்டன்.

கணக்கில் எழுதியிருக்கிறேன்:
குடை ஒன்று, ரூபாய் ஆயிரம், பாக்கி.
கக்கூஸ் கதவுக்கு
சரியாக அந்த ஆயிரம்தான் குறைகிறது.
கேட்க
எனக்குத் தொண்டை எழும்பவில்லை.